ரிப்போர்ட்டில் 'மெட்டாபிளேசியா' என்று வந்தால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்ததால் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். "கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது" என்று சொல்லி, அங்கிருந்து செல்களைத் தேய்த்து எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட்டில் 'இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர், ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா, நெகட்டிவ் ஃபார் இன்ட்ராஎபிதீலியல் லீஷன் ஆர் மாலிக்னன்ஸி' என்று எழுதியிருக்கிறது. அக்கா மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, மெட்டாபிளேசியா என்றால் கேன்சருக்கு முந்தைய கட்டம் என்கிறான். இரண்டு பிள்ளைகள் பெற்றாகிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். போன வருடம் என் அண்ணனுக்கு எண்டோஸ்கோப்பி செய்தபோது அவர் ரிப்போர்ட்டிலும் 'இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா' என்று இருந்தது. இது எங்கள் குடும்பத்து வியாதியா? எனக்குச் சரியான தூக்கமே இல்லை. – வாசகி, நாமக்கல்

பதில்:

அம்மா, முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். நீங்கள் எழுதியிருக்கும் இந்த ரிப்போர்ட்டுக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் புற்றுநோயோ அதற்கு முந்தைய கட்டமோ இருப்பதாக அதில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளதும் உங்கள் அண்ணனுடையதில் உள்ளதும் ஒரே சொல்தான், ஆனால் ஒரே விஷயம் கிடையாது. இன்னும் சொல்லப்போனால், இருவரில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவைப்படுபவர் உங்கள் அண்ணன்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நான் நோயியல் மருத்துவர். உங்களைப் போன்றவர்களின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இந்த மாதிரி வரிகளை எழுதுவதுதான் என் வேலை. நாங்கள் எழுதும் ரிப்போர்ட் இன்னொரு மருத்துவர் படிப்பதற்காக எழுதப்படுவது. அது நேராக நோயாளியின் கைக்கும், அங்கிருந்து வீட்டில் இருப்பவர்களின் போனுக்கும் போகிற காலம் இது. அதனால் இந்தச் சொல்லை ஒருமுறையாவது பொறுமையாக விளக்க வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

உடம்பில் ஒவ்வோர் இடத்தையும் அந்த இடத்துக்கு ஏற்ற செல்கள் மூடியிருக்கும். உராய்வு இருக்கும் இடங்களில், அதாவது தோல், வாய், உணவுக்குழாய், பிறப்புறுப்பு ஆகியவற்றில், தட்டையான செல்கள் பல அடுக்காக இருக்கும். இவைதான் ஸ்குவாமஸ் செல்கள். சளி சுரக்க வேண்டிய இடங்களில் உயரமான செல்கள் ஒரே வரிசையாக நிற்கும். ஓர் இடத்தின் சூழல் மாறி, அங்கே வழக்கமாக இருக்கும் செல்லுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் போகும்போது, அந்தச் சூழலைத் தாங்கக்கூடிய வேறு வகை செல் அந்த இடத்துக்கு வந்துவிடும். அப்படி வருகிற செல்லும் முழுதாக வளர்ந்த, ஒழுங்கான, நம் உடம்புக்குத் தெரிந்த செல்தான். இடம் மட்டும் புதிது. இதுதான் மெட்டாபிளேசியா.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. வளர்ந்து முடிந்த செல் தானே இன்னொன்றாக மாறிவிடுவதில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன தோட்டத்தில் நிற்கிற நெல் கம்பாக மாறாது, அடுத்த விதைப்பில் விவசாயி கம்பு போடுவார். அப்படித்தான், மேலே நிற்கும் செல்கள் உதிர்ந்த பிறகு, அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் அடுத்த முறை வேறு வகையை உண்டாக்குகின்றன. கர்ப்பப்பை வாயில் இந்த வேலையைச் செய்யும் அடிச்செல்களுக்கு ரிசர்வ் செல்கள் என்று பெயர்.

சரி, உங்கள் உடம்பில் என்ன நடந்தது? கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கம் தட்டையான ஸ்குவாமஸ் செல்கள். உள்ளே போகும் கால்வாயில் சளி சுரக்கும் உயரமான செல்கள். இரண்டும் சந்திக்கும் கோடு பெண்ணின் ஆயுள் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லை. வயதுக்கு வரும் பருவத்திலும் கர்ப்ப காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் கூடும்போது கர்ப்பப்பை வாய் பருத்து, உள்பக்கத்துச் செல்கள் வெளியே பிதுங்கி வந்துவிடும். பிறப்புறுப்பின் உட்புறம் அமிலத்தன்மை உள்ளது. சளி சுரக்கும் அந்த மென்மையான செல்களால் அமிலத்தைத் தாங்க முடியாது. அவை உதிர, ரிசர்வ் செல்கள் பெருகி, அந்த இடத்தில் ஸ்குவாமஸ் செல்களைக் கொண்டுவந்து மூடிவிடும். ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் நடப்பது இது. உங்கள் அம்மாவுக்கும் நடந்திருக்கும், மகள் இருந்தால் அவளுக்கும் நடக்கும்.

உங்களிடம் "புண் இருக்கிறது" என்று சொன்னதும் பெரும்பாலும் இதைத்தான். தட்டையான செல்கள் பல அடுக்காக மூடியிருக்கும் இடம் வெளிர் ரோஜா நிறத்தில் தெரியும். வெளியே பிதுங்கிய உயரமான செல்கள் ஒரே வரிசை என்பதால் அடியில் உள்ள ரத்தக் குழாய்களின் சிவப்பு அப்படியே தெரியும். பார்ப்பதற்குத் தோல் உரிந்த ரணம் போல இருக்கும், ஆனால் அங்கே ரணம் எதுவும் இருக்காது. நம் ஊரில் இந்தச் சிவப்பைப் "புண்" என்று சொல்லிப் பெண்களை வருடக்கணக்கில் பயத்தில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். சிலர் இதற்காகவே கர்ப்பப்பையை இழந்திருக்கிறார்கள்.

உங்கள் ஸ்லைடில் என்ன தெரிந்திருக்கும் என்றும் சொல்கிறேன். பாப் ஸ்மியருக்கென்று ஒரு சாயமுறை இருக்கிறது. அதில் முதிர்ந்த ஸ்குவாமஸ் செல்கள் இளஞ்சிவப்பாகவும் வெளிர் நீலப் பச்சையாகவும், அகலமாக, ஓரம் லேசாக மடிந்து, நடுவில் சின்னப் புள்ளியாக உட்கருவோடு தெரியும். மெட்டாபிளேசியா செல்கள் அவற்றைவிடச் சிறியவை. நிறம் அடர்த்தியான நீலப் பச்சை. பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருந்து பிரிந்ததால் சிலவற்றில் ஓரங்கள் நீட்டிக்கொண்டு கால்கள் போலத் தெரியும். செல்லின் அளவோடு ஒப்பிட்டால் உட்கரு கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆனால் வட்டமாக, ஓரம் வழவழப்பாக, உள்ளே உள்ள பொருள் சீராகப் பரவியிருக்கும். கூடவே வெள்ளை அணுக்கள் நிறையக் கிடந்திருக்கும். அதைத்தான் 'இன்ஃப்ளமேட்டரி' என்று எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். பாப் ஸ்மியர் ரிப்போர்ட் எழுத, உலகின் பல நாடுகளில் உள்ளது போல, 'பெதஸ்டா முறை' என்ற ஒழுங்கைப் பின்பற்றுகிறோம். 1988ல் உருவாகி, பிறகு சில முறை திருத்தப்பட்டது. ஸ்மியர் சரியான இடத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்று பார்க்க அதில் ஓர் அடையாளம் உண்டு. கால்வாயின் உயரமான செல்கள் அல்லது ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா செல்கள் குறைந்தது 10, நல்ல நிலையில் ஸ்லைடில் இருக்க வேண்டும். இருந்தால், இரண்டு வகைச் செல்களும் சந்திக்கும் மாற்ற மண்டலத்தைத் தொட்டு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆக, நீங்கள் பயந்த அந்தச் சொல், உங்களுக்கு ஸ்மியர் எடுத்தவர் தேய்க்க வேண்டிய இடத்தில்தான் தேய்த்தார் என்பதற்குச் சாட்சி. அந்த இடத்திலிருந்து எடுத்தும் தவறாக எதுவும் தெரியவில்லை என்பதைத்தான் 'நெகட்டிவ்' என்று தொடங்கும் வரி சொல்கிறது. ரிப்போர்ட்டில் முடிவு என்பது அந்த வரிதான். மற்றவை பார்த்ததைப் பதிவு செய்வது.

அப்படியானால் அக்கா மகன் படித்தது முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது இந்த மாற்ற மண்டலத்தில்தான். ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு அங்கே உள்ள இளம் செல்களுக்குள் நுழைவது எளிது. அதனால் புற்றுநோய் பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இந்தச் சொல் கண்ணில் படும். ஆனால் நோயை உண்டாக்குவது வைரஸ். மெட்டாபிளேசியா அது நுழைய வாய்ப்புள்ள இடம், அவ்வளவுதான். வைரஸ் வந்தாலும் பெரும்பாலான பெண்களின் உடம்பு ஓரிரு வருடத்தில் அதைத் தானே விரட்டிவிடும். விலகாமல் வருடக்கணக்கில் தங்கிவிட்டால்தான் செல்கள் கெடத் தொடங்கும். அப்படிக் கெடுவதற்குப் பெயர் வேறு: டிஸ்பிளேசியா.

குழப்பம் இங்கேதான் வருகிறது. இரண்டு சொல்லும் முடிவது ஒரே மாதிரி, முதல் எழுத்துகள்தான் வேறு. செல்களின் எண்ணிக்கை மட்டும் கூடுவது ஹைப்பர்பிளேசியா, வயதான ஆண்களுக்கு பிராஸ்டேட் வீங்குவது போல. ஒரு வகை போய் இன்னொரு ஒழுங்கான வகை வருவது மெட்டாபிளேசியா. செல்லின் ஒழுங்கே குலைவது டிஸ்பிளேசியா. உட்கரு பெருத்து, கறுத்து, ஓரம் கோணலாகி, அடுக்குகளின் வரிசை கலைந்துபோகும். கர்ப்பப்பை வாயைப் பொறுத்தவரை ரிப்போர்ட்டில் நாங்கள் கவலைப்பட்டு எழுதும் சொற்கள் எல்.எஸ்.ஐ.எல். (லேசான கேடு), ஹெச்.எஸ்.ஐ.எல். (தீவிரமான கேடு), துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியாக இருந்தால் சி.ஐ.என். 1, 2, 3 என்ற படிகள்; எண் கூடக் கூடக் கேடும் கூடும். இவற்றில் ஒன்றும் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை. ஒருவேளை சி.ஐ.என். 3 என்றே வந்திருந்தாலும், வழக்கமாகச் செய்வது கெட்ட பகுதியை மட்டும் மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுக்கும் லீப் சிகிச்சை. சில இடங்களில் சூட்டாலோ குளிராலோ அந்தப் பகுதியை அழிப்பார்கள். அதற்கே முதல் சிகிச்சையாகக் கர்ப்பப்பையை எடுப்பதில்லை என்கிறபோது, உங்களுக்கு எதற்கு?

"பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு" என்ற பேச்சை நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன். 42 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நின்ற நிலை ஒரே நாளில் வந்துவிடும். எலும்பு தேயும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். சினைப்பையை விட்டுவைத்தாலும் அதன் வேலை சில வருடம் முன்னதாகவே நின்றுபோவது உண்டு. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது நாட்டில் எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், 2023ல் உச்ச நீதிமன்றமே இதைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. யாராவது உங்களிடம் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கச் சொன்னால், "எந்த நோய்க்காக?" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்லைடை லேபில் வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம். அப்படிக் கேட்பதில் யாருக்கும் அவமரியாதை இல்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது வேறு. மருத்துவமனைக்கு உங்களைக் கொண்டுபோனது வெள்ளைப்படுதல். அதை யாராவது கவனித்தார்களா என்று கடிதத்தில் இல்லை. அரிப்போடு தயிர் போல வருகிறதா, மீன் வாடை அடிக்கிறதா, நுரைத்துப் பச்சையாக வருகிறதா என்பதைப் பொறுத்துக் காரணம் வேறு, மருந்தும் வேறு. டிரைக்கோமோனாஸ் என்ற கிருமி என்றால் உங்கள் கணவரும் சேர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். மகப்பேறு மருத்துவரிடம் இதற்கென்றே போய்க் காட்டுங்கள்.

அப்புறம், இந்த நல்ல ரிப்போர்ட்டோடு விட்டுவிடாதீர்கள். மூன்று வருடம் கழித்து மறுபடி பாப் ஸ்மியர், அல்லது வசதி இருந்தால் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் இப்போது முதலில் பரிந்துரைப்பது இந்த டி.என்.ஏ. பரிசோதனையைத்தான். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால் அடுத்த பரிசோதனைக்கு ஐந்து முதல் பத்து வருடம்வரை இடைவெளி விடலாம். செலவு கட்டுப்படியாகாவிட்டால் கவலை வேண்டாம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்கிறார்கள். அசெட்டிக் அமிலத்தை நீர்த்துத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்கும் முறை அது. இந்த எளிய முறையை நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களைக் கிராமம் கிராமமாகப் பரிசோதித்தார்கள். 2007ல் லான்செட் இதழில் வெளியான முடிவுப்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் மற்ற பகுதிகளைவிட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவாக இருந்தன. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

அங்கே பரிசோதித்து "பாசிட்டிவ்" என்று சொன்னாலும் பதற வேண்டாம். முதிராத மெட்டாபிளேசியா செல்களும் அந்த அமிலம் பட்டால் லேசாக வெளுக்கும். மெல்லிய, மங்கலான வெண்மையாக இருக்கும். டிஸ்பிளேசியாவின் வெண்மை கெட்டியாக, ஓரம் தெளிவாகத் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அனுபவம் வேண்டும். அதனால்தான் சந்தேகம் வந்தால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி செய்து, தேவைப்பட்டால் சின்னத் துணுக்கு எடுத்து எங்களுக்கு அனுப்புகிறார்கள்.

இப்போது அண்ணன் விஷயம். வயிற்றின் உட்புறம் இரைப்பைக்கு உரிய செல்கள் இருக்க வேண்டும். நாள்பட்ட அழற்சியால் அவை அழிந்து, அந்த இடத்தில் குடலுக்கு உரிய செல்கள் வந்திருப்பதைத்தான் இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா என்கிறோம். பயாப்ஸித் துணுக்கில் இதை அடையாளம் காட்டுவது கோப்லெட் செல்கள். உள்ளே சளி நிறைந்து ஒரு பக்கம் உப்பி நிற்கும். ஆல்சியன் ப்ளூ என்ற சாயம் போட்டால் பளிச்சென்று நீலமாகத் தெரியும். இரைப்பையில் இருக்கக் கூடாத செல் இது. உங்களுடையது எல்லாப் பெண்களுக்கும் வரும் இயற்கையான மாற்றம், அவருடையது வருடக்கணக்கான அழற்சி விட்டுச் சென்ற தடம்.

அந்த அழற்சிக்கு மிகப் பொதுவான காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. இதைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. அழற்சி, செல்கள் தேய்வது, மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா, புற்றுநோய் என்று ஒரு வரிசை வயிற்றில் உண்டு. ஆனால் அந்தப் படிகளில் பெரும்பாலோர் கடைசிவரை போவதே இல்லை. போகிற சிலருக்கும் பல வருடங்கள் ஆகும். அதனால் பயம் வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே வயிற்றுப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

குடும்ப வியாதியா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்தச் சொல் மட்டும்தான். அவர் வயிற்றில் உள்ளது உங்கள் கர்ப்பப்பை வாய்க்கு வராது. ஆனால் அந்த பாக்டீரியா ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குள் சின்ன வயதிலேயே பரவக்கூடியது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் வந்திருந்தால் அதை அண்ணன் தன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அண்ணன் குடல் இரைப்பை மருத்துவரைப் பார்க்கும்போது எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துப் போகட்டும். கேட்க வேண்டியவை இவை: பைலோரி இருந்ததா? இருந்திருந்தால் மருந்து முழுதாகக் கொடுக்கப்பட்டதா? ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது ஆன பிறகு, மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கிருமி போய்விட்டதா என்று பார்த்தார்களா? கிருமியை ஒழிக்காமல் வெறும் கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். இரைப்பையின் அடிப்பகுதியான ஆன்ட்ரம், நடுப்பகுதியான பாடி இரண்டிலிருந்தும் தனித்தனியாகத் துணுக்கு எடுத்தார்களா என்பதும் முக்கியம். மாற்றம் ஒரு பகுதியில் மட்டும் என்றால் ஆபத்து குறைவு. இரண்டிலும் பரவியிருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பது நல்லது. புகை, புகையிலை இரண்டையும் அவர் விட்டே ஆக வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் போன்ற உப்பு மிகுந்தவற்றையும் குறைத்துக்கொள்ளட்டும்.

இதே சொல் வேறு இடங்களிலும் வரும். புகை பிடிப்பவரின் மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் செல்கள் போய் ஸ்குவாமஸ் செல்கள் வந்திருந்தால், புகையை நிறுத்தியதும் பழையபடி திரும்புவது உண்டு. வைட்டமின் ஏ குறைந்த குழந்தையின் கண்ணில் வெள்ளை விழி வறண்டு நுரை போலத் திட்டு படிகிறதே, அதுவும் இதே மாற்றம்தான். அங்கன்வாடியில் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது இதைத் தடுக்கவும்தான். ஆகவே இனி வீட்டில் யாருடைய ரிப்போர்ட்டிலாவது இதைப் பார்த்தால், எந்த உறுப்பு, கூடவே டிஸ்பிளேசியா என்று எழுதியிருக்கிறதா, இந்த இரண்டையும் மருத்துவரிடம் கேளுங்கள். போனில் அந்த ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் எல்லா உறுப்பும் கலந்துதான் வரும்.

கடைசியாக ஒன்று. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக உடம்பு காட்டும் அறிகுறியைத் தள்ளிவைக்கக் கூடாது. உறவுக்குப் பிறகு ரத்தம் கசிந்தாலோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் பட்டாலோ, ரத்தம் கலந்த துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, பின்னாளில் மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் போய், கர்ப்பப்பை வாய் தெரியும்படி விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.